பெரிய முதன்மை எண்ணைத் தாளிலும் கல்குலேட்டரிலும் சோதிப்பது எப்படி

மட்டக்களப்பு நகரத்தின் தபாற் குறியீடு 30000. அதிலிருந்து ஒவ்வொன்றாக ஏறிப் போனால் முதலில் மறிக்கிற முதன்மை எண் 30011. களஞ்சியத்தில் 30011 நெல் மூடை கிடந்தால் அவற்றைச் சம வரிசைகளாக அடுக்க வழியே இல்லை. ஒரே வரிசையாக நீட்டி வைக்கலாம், அவ்வளவுதான். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பகா எண் என்று இருப்பதும் இதுவே. இங்கே நமது பாடநூல் வழக்கப்படி முதன்மை எண் என்றும், அப்படி அல்லாததைச் சேர்த்தி எண் என்றும் எழுதுகிறோம்.

ஐந்து இலக்க எண்ணை வகுத்து வகுத்தே முடித்துவிடலாம். பத்து இலக்க எண்ணுக்கு அந்த வழியில் போனால் கொப்பி முடியும், வேலை முடியாது. பெரிய எண்ணிடம் போகும்போது, வகுக்கத் தொடங்குமுன் "இதை வகுக்கக்கூடிய எண் எந்த வடிவத்தில் இருக்க முடியும்?" என்று கேட்க வேண்டும். முக்கால்வாசி வேலை அந்தக் கேள்வியிலேயே குறைந்துவிடும்.

தேவையானவை: ஒரு சதுரக் கோட்டுக் கொப்பி, ஒரு கல்குலேட்டர். பாடசாலைப் பிள்ளைகளிடம் இருக்கும் விஞ்ஞானக் கல்குலேட்டர் போதும். புடவைக் கடை மேசையில் கிடக்கும் 12 இலக்கக் கல்குலேட்டரும் போதும், ஆனால் அதில் மடக்கை இருக்காது. 8 இலக்கக் கல்குலேட்டரை எடுக்க வேண்டாம். 2147483647 என்ற எண்ணையே அதில் முழுதாக அடிக்க முடியாது.

முதலில் மீதி எடுக்கப் பழகுங்கள்

பெரும்பாலான பிழை இங்கேதான் நடக்கிறது. 2147483647ஐ 311ஆல் வகுத்தால் திரையில் 6905092.113 என்று வரும். பலர் 0.113ஐ மட்டும் எடுத்து 311ஆல் பெருக்குவார்கள், 35.143 வரும். அது 35தானா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். வகுக்கும் எண் பெரிதாகப் பெரிதாக இந்த ஊகம் பிழைக்கும்.

சரியான வழி இது. தசமப் பகுதியை விட்டுவிட்டு 6905092ஐ மட்டும் கொப்பியில் எழுதுங்கள். 6905092 × 311 = 2147483612. அதை மூல எண்ணிலிருந்து கழித்தால் 35. இதில் ஊகத்துக்கு இடமில்லை. அடித்த இலக்கம் மாறியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் இலக்கச் சுட்டியை (ஓரிலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டி வருவதை) பாருங்கள்: 6905092இன் இலக்கச் சுட்டி 4, 311இனது 5, 4 × 5 = 20, அதன் சுட்டி 2. 2147483612இன் இலக்கங்களைக் கூட்டினால் 38, பிறகு 11, பிறகு 2. பொருந்துகிறது. இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருந்தால் மட்டும் இந்தச் சோதனைக்குத் தெரியாது, கூட்டுத்தொகை மாறாதல்லவா.

ஒரு மீதி அட்டவணை, இரண்டாயிரம் எண்கள்

30011இன் வர்க்கமூலம் 173.2. ஆகவே 173 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்தால் போதும். அதற்கு மேல் ஒரு காரணி இருந்தால் அதன் சோடி 173க்குக் கீழே அகப்பட்டிருக்கும். 173 வரை 40 முதன்மை எண்கள் உண்டு. முதல் ஆறையும் வகுக்கவே தேவையில்லை: 2 × 3 × 5 × 7 × 11 × 13 = 30030. நமது எண் அதைவிட 19 குறைவு. 19 இந்த ஆறில் எதனாலும் வகுபடாது, ஆகவே 30011உம் வகுபடாது. மிச்சம் 34.

அந்த 34 மீதிகளையும் இரண்டு நிரலாக எழுதுங்கள். 17க்கு 6, 19க்கு 10, 23க்கு 19, 37க்கு 4, 59க்கு 39, 61க்கு 60 என்று போய்க் கடைசியில் 173க்கு 82 வரும். எங்கும் 0 இல்லை. 30011 முதன்மை எண்.

இப்போது அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 30013 முதன்மையா என்று அறிய மறுபடி வகுக்கத் தேவையில்லை; ஒவ்வொரு மீதியுடனும் 2 கூட்டி, எங்காவது வகுத்த எண்ணே வருகிறதா என்று பார்த்தால் போதும். வராது. ஆக 30011, 30013 இரண்டும் சோடியாக நிற்கும் முதன்மை எண்கள். 30029க்கு 18 கூட்டுங்கள். இங்கே கூட்டுத்தொகை வகுத்த எண்ணின் மடங்காகவும் இருக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும்; 17க்கு 6 + 18 = 24, அது 17உம் அல்ல 34உம் அல்ல. இப்படியே போனால் 30029உம் முதன்மை. 30031க்கு 20 கூட்டுங்கள்: 59இன் வரிசையில் 39 + 20 = 59. அகப்பட்டுவிட்டது. 30031 = 59 × 509.

இந்த 30031 ஒரு பழைய மயக்கத்தைத் தீர்க்கிறது. முதன்மை எண்கள் முடிவற்றவை என்று யூக்கிளிட் காட்டிய வழியைப் படித்தவர்கள், "முதல் சில முதன்மை எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டினால் முதன்மை எண் வரும்" என்று நினைத்துக்கொள்வதுண்டு. அவர் அப்படிச் சொல்லவில்லை. வருகிற எண்ணின் முதன்மைக் காரணிகள் பழைய பட்டியலில் இருக்காது என்பதுதான் அவர் காட்டியது. 30030 + 1ஐ உடைத்தால் வரும் 59, 509 இரண்டும் அந்த ஆறுக்கு வெளியே நிற்கின்றன.

அடுத்த முதன்மை எண் 179; 179² = 32041. ஆகவே அதே 40 வகுஎண்கள் 32040 வரை போதும். மட்டக்களப்பின் 30000 இலிருந்து அம்பாறையின் தபாற் குறியீடான 32000 வரை உள்ள எல்லா எண்ணையும் ஒரே அட்டவணையில் முடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: கடைசி வகுஎண்ணைச் சோம்பலில் விட்டுவிடுவது பொதுப் பழக்கம். 29929ஐச் சோதிப்பவர் 167உடன் நிறுத்தினால் அதை முதன்மை என்று எழுதிவிடுவார். அது 173².

வர்க்கங்களாகப் பிரித்தல்

முதன்மை என்று தெரிந்த பிறகு பார்க்கத் தகுந்த முதல் குணம் இது. எண்ணை 4ஆல் வகுத்தால் மீதி 1 வந்தால், அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதமாக. மீதி 3 வந்தால் எழுதவே முடியாது. பேர்மா சொன்னதை ஒயிலர் நிறுவினார். கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் 4ஆல் வகுத்தாலே மீதி தெரிந்துவிடும்.

30011க்கு மீதி 3. தேட வேண்டாம். 30029க்கு மீதி 1. வர்க்கமூலத்திலிருந்து கீழிறங்கித் தேடுங்கள்: 173² = 29929, மிச்சம் 100, அது 10². முதல் அடியிலேயே முடிந்தது. 30013 இவ்வளவு இலேசில் விடாது. 173க்கு மிச்சம் 84, 172க்கு 429, 171க்கு 772 என்று நீண்டுகொண்டே போகும். மிச்சத்தின் கடைசி இலக்கம் 2, 3, 7, 8 ஆக இருந்தால் வர்க்கமூலம் எடுக்காமலே கடந்துவிடலாம். வர்க்க எண் அந்த இலக்கங்களில் முடியாது. கடைசியில் 123க்கு வரும்போது மிச்சம் 14884, அது 122². ஆக 30013 = 122² + 123². அடுத்தடுத்த இரண்டு எண்களின் வர்க்கங்கள்! தேடல் நீண்டதற்கும் அதுவே காரணம்: இரண்டு எண்களும் நடுவில் ஒட்டி நிற்பதால் கீழே வரை இறங்க வேண்டியிருந்தது.

2147483647

இது 2³¹ − 1. இது முதன்மை என்று ஒயிலர் 1772இல் காட்டினார். வர்க்கமூலம் 46340.95. ஒற்றை எண்களால் மட்டும் வகுப்பதாக வைத்துக்கொண்டாலும் இருபத்து மூவாயிரத்துக்கு மேல் போகும். இங்கேதான் மேலே சொன்ன கேள்வி உதவுகிறது.

ஒரு முதன்மை எண் க இதை வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 2ஐத் தன்னால் பெருக்கிப் பெருக்கி கவால் வகுத்த மீதியைப் பார்த்துக்கொண்டு போனால் 31ஆவது அடியில் 1க்குத் திரும்பும். பேர்மாவின் தேற்றப்படி (க − 1)ஆவது அடியிலும் 1 வரும். 31 முதன்மை எண் ஆகையால் அதற்கு முன்னே திரும்பியிருக்க முடியாது. ஆகவே க − 1 என்பது 31இன் மடங்கு. க ஒற்றை எண், ஆகவே 62இன் மடங்கு. அடுத்து, 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம். அதன் மீதி 2. அதாவது கவால் வகுத்த மீதிகளை மட்டும் பார்க்கும் உலகத்தில் 2 ஒரு வர்க்க எண். அப்படி இருக்க வேண்டுமானால் கவை 8ஆல் வகுத்த மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் க என்பது 248இன் மடங்குடன் 1 கூட்டியதாகவோ 63 கூட்டியதாகவோ மட்டுமே இருக்க முடியும். 46340 வரை அப்படி 372 எண்கள்தான்.

அவற்றிலும் 3, 5, 7ஆல் வகுபடுவதை அடித்துவிட்டால் பாதிக்கும் குறைவு. தொடக்கம் இப்படி இருக்கும்: 249 (3இன் மடங்கு, வெட்டு), 311 (வகு, மீதி 35), 497 (7இன் மடங்கு), 559 (13 × 43), 745, 807, 993, 1055 எல்லாம் வெட்டு, 1241 (17 × 73), 1303 (வகு, மீதி 226). ஒரு நாளைக்கு இருபது வகுத்தாலும் பள்ளி விடுமுறைக்குள் முடிந்துவிடும்.

பழகுவதற்கு முதலில் 2²⁹ − 1 = 536870911ஐ எடுங்கள். இதற்குக் காரணி 58இன் மடங்குடன் 1. 59க்கு 8இன் மீதி 3, 117க்கு 5, இரண்டும் வெட்டு. 175க்கு 7 வருகிறது, ஆனால் 175 முதன்மை அல்ல. அடுத்தது 233. 536870911 ÷ 233 = 2304167, மீதி இல்லை. வகுத்தது ஒரே ஒரு தடவை. 2²³ − 1 = 8388607 இன்னும் இலகு: முதல் வேட்பாளர் 47, அதுவே காரணி. 2இன் வலுவைச் சொல்லும் சுட்டி முதன்மை எண்ணாக இருந்தால் விடையும் முதன்மையாக இருக்கும் என்று எண்ணுபவர்களுக்கு இந்த இரண்டையும் காட்டுங்கள்.

2147483647 கணினிக்காரர்களுக்கும் பழக்கமான எண். 32 துவித இலக்கங்களில் குறியுடன் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இது. 1970 சனவரி 1 முதல் செக்கன்களை இந்த இடத்துக்குள் எண்ணிவரும் பழைய மென்பொருள்கள் 2038 சனவரி 19 அன்று, நமது நேரம் காலை 8:44:07க்கு, இந்த எண்ணைத் தொட்டு அடுத்த செக்கனில் தடுமாறும். இன்னொன்று: 2³⁰ஆல் இதைப் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்ந்த காரணிகளை எல்லாம் கூட்டினால் தானே வரும் எண் அது. 6, 28 போல ஒரு நிறைவெண்.

வகுக்காமல் சோதிப்பது, ஏமாறும் இடங்கள்

பேர்மாவின் சோதனை: எண் ந முதன்மையானால், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் (ந − 1)ஆம் வலுவுக்கு உயர்த்தி நவால் வகுத்தால் மீதி 1. மீதி 1 அல்லாவிட்டால் அது சேர்த்தி எண் என்பது உறுதி. 1 வந்தால் உறுதி இல்லை. இந்த ஒருபக்கத் தன்மையைத்தான் பலர் மறக்கிறார்கள்.

341ஐ எடுங்கள். 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. ஆகவே 2³⁴⁰க்கும் மீதி 1. சோதனையில் தேறிவிட்டது; ஆனால் 341 = 11 × 31. அடியை, அதாவது வலுவுக்கு உயர்த்தும் எண்ணை, 3 ஆக்கினால் பொய் வெளிக்கும். 340 = 256 + 64 + 16 + 4 என்று உடைத்து, ஒவ்வொரு தடவையும் வர்க்கித்து 341ஆல் மீதி எடுங்கள்: 3⁴ → 81, 3⁸ → 82, 3¹⁶ → 245, 3³² → 9, 3⁶⁴ → 81, 3¹²⁸ → 82, 3²⁵⁶ → 245. தேவையான நான்கையும் பெருக்கினால் 245 × 81 × 245 × 81. 245 × 81இன் மீதி 67; 67² = 4489, மீதி 56. 1 இல்லை. பிடிபட்டது.

2^ப − 1 வடிவ எண்களில் ப முதன்மையாக இருக்கும்போது, 2ஐ அடியாக வைத்துச் சோதிப்பது வீண் வேலை. முதன்மையோ இல்லையோ எல்லாமே தேறிவிடும். 2047 = 23 × 89 அதற்குச் சாட்சி. பேர்மாவின் சோதனையை இறுக்கி மில்லர், ராபின் பெயரில் உள்ள கடுமையான சோதனையையும் 2 என்ற அடியில் 2047 ஏமாற்றுகிறது. ஆனால் அந்தக் கடுமையான சோதனையை 2, 3, 5, 7 என்ற நான்கு அடிகளிலும் செய்தால் 3215031751க்குக் கீழே எந்தச் சேர்த்தி எண்ணும் தப்பாது. பத்து இலக்க எண்ணை வர்க்கித்தால் 19 அல்லது 20 இலக்கம் வரும் என்பதால் 12 இலக்கக் கல்குலேட்டர் அங்கே கையை விரித்துவிடும். முழு இலக்கங்களையும் வெட்டாமல் காட்டும் தொலைபேசிச் செயலி ஒன்று வேண்டும்.

மேர்சென் எண்ணுக்குத் தனி வழி

மேர்சென் எண் எனப்படும் 2^ப − 1 வடிவத்துக்கு லூக்கா கண்டு லேமர் செப்பனிட்ட சோதனை ஒன்று உண்டு. 4இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் மீதி எடுங்கள். இதை (ப − 2) தடவை செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் முதன்மை, வராவிட்டால் சேர்த்தி. இங்கே சந்தேகம் இரு பக்கமும் இல்லை.

127க்கு (2⁷ − 1) ஐந்து தடவை: 4, 14, 67, 42, 111, 0. இதில் மீதி எடுக்க வகுக்கவும் வேண்டாம். 128ஆல் பிரித்து ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். 67² − 2 = 4487 = 35 × 128 + 7; 35 + 7 = 42. ஒன்பதால் மீதி எடுக்க இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே தந்திரம்தான். கடைசி அடியில் 12319 = 96 × 128 + 31, கூட்டினால் 127, அதாவது 0. இந்த 127ஐ 0 என்று கண்டுகொள்ளாமல் விட்டு, முதன்மை அல்ல என்று எழுதியவர்கள் உண்டு. அந்த இடத்தில் நிதானம் வேண்டும்.

2047க்கு ஒன்பது தடவை: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. 0 இல்லை, ஆகவே சேர்த்தி. காரணி என்ன என்று சோதனை சொல்லாது. எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள்: தொடக்க 4 ஒரு தடவையாகக் கணக்கில் வராது. ஒரு தடவை கூடினாலோ குறைந்தாலோ முடிவு பிழை.

காரணி தெரியாமலே சேர்த்தி என்று சொல்ல முடிவதன் பெறுமதி 67இல் தெரியும். (கல்முனைப் பக்கத்துத் தொலைபேசிக் குறியீடு 067 என்பதால் நினைவில் நிற்கும்.) 1644இல் மேர்சென் தந்த பட்டியலில் 2⁶⁷ − 1 முதன்மை என்று இருந்தது. லூக்கா 1876இல் அது சேர்த்தி என்று காட்டினார், காரணி தெரியாமலே. 1903இல் பிராங்க் நெல்சன் கோல் காரணிகளைக் கண்டார்: 193707721 × 761838257287. நமது விதிப்படி காரணி 134இன் மடங்குடன் 1; 134 × 1445580 + 1 = 193707721. ஒவ்வொன்றாக ஏறி வந்திருந்தால் பதினான்கு இலட்சம் படிகளைத் தாண்டியிருக்க வேண்டும். அதே பட்டியலில் மேர்சென் விட்டுப்போன 2⁶¹ − 1 முதன்மை என்று 1883இல் பெர்வூஷின் காட்டினார்.

நான்கு கோடி இலக்கங்களைத் தொடாமல் தொடுவது

2024 ஒக்டோபரில் லூக் டுரன்ட் கண்டுபிடித்து அறிவிக்கப்பட்ட முதன்மை எண் 2இன் 136279841ஆம் வலுவிலிருந்து 1 குறைந்தது. அதை எழுதி முடிக்க முடியாது. ஆனால் இலக்க எண்ணிக்கையையும் இரு முனைகளையும் நீங்களே எடுக்கலாம்.

கடைசி இரண்டு இலக்கங்கள்: 2இன் வலுக்களின் கடைசி இரண்டு இலக்கங்கள் 2² முதல் 20 அடிக்கு ஒருமுறை திரும்பும். 136279841ஐ 20ஆல் வகுத்த மீதி 1. அப்படியே 2¹ஐ எடுத்து 02 என்று எழுதினால் பிழை. சுற்று 2²இல்தான் தொடங்குகிறது. 2²¹ஐ எடுங்கள்: 2097152. கடைசி இரண்டு 52, ஒன்று கழித்தால் 51.

இலக்க எண்ணிக்கைக்கு மடக்கை. கல்குலேட்டரின் மடக்கைப் பொத்தானால் 2இன் மடக்கையை எடுத்து, திரையில் தெரிவதைத் திரும்ப அடிக்காமல் நேரே 136279841ஆல் பெருக்குங்கள். 41024319.945 வரும். முழுப் பகுதியுடன் ஒன்று கூட்டினால் 41024320 இலக்கங்கள். முழுப் பகுதியைக் கழித்து மிஞ்சும் 0.9453ஐ 10இன் வலுவாக்கினால் 8.81, ஆகவே எண் 881 என்று தொடங்குகிறது. மடக்கை அட்டவணையில் உள்ள 0.30103ஐப் போட்டுப் பெருக்கினால் 41024320.54 வரும்; இலக்கம் ஒன்று கூடிவிடும், தொடக்க இலக்கமும் 8க்குப் பதில் 3 ஆகிவிடும். ஒன்பதாவது தசமத்தில் உள்ள அந்தச் சிறு வித்தியாசத்தைப் பதின்மூன்று கோடிக்கு மேல் பெருக்குகிறோம் அல்லவா.